மாமியாருக்கு ஒரு கூலன்ட் அபிஷேகம்

யாராவது ஒரு நல்ல செய்தி சொன்னால், அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்காவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது. சில வருடங்களுக்கு முன்புவரை நான் அப்படித்தான் இருந்தேன். கூட வேலை பார்ப்பவர் புது வண்டி வாங்கி வந்து நிறுத்தினால், "இந்தக் கலரா? ஷோரூம்ல யாரும் எடுக்காம கெடந்துச்சே" என்பேன். கெலமங்கலத்துக்காரர் ஒருவர் தன் தோட்டத்துத் தக்காளியை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தால், அதை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டே, "எங்க ஊர்த் தக்காளி ருசி இதுல வராது" என்பேன். (எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். எங்கள் தெருவில் தக்காளி மளிகைக் கடையில்தான் விளையும்.)

அப்போது ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் சூப்பர்வைசர். எட்டு மெஷின் என் பொறுப்பு. வேலை நன்றாக நடந்தால் மீட்டிங்கில் "நான் பண்ணினேன் சார்" என்பேன். கெட்டுப்போனால் "ஆபரேட்டர் கவனிக்கல சார்" என்பேன். இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன் என்றால் என் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டியவள் மஞ்சுளா. அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் பக்கம் அவள் ஊர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கேன்டீன் அக்காவிடம் தெலுங்கு. மெஷின் சத்தம் லேசாக மாறினாலே உள்ளே இரும்பைக் கடையும் டூல் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிடுவாள். அவள் என்னிடம் சொல்வாள், நான் மீட்டிங்கில் சொல்வேன். எனக்குக் காது ரொம்பக் கூர்மை என்று கம்பெனியில் ஒரு பேச்சே இருந்தது.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மட்டும் குடும்பத்தாரை கேட்டுக்குள் விடுவார்கள். மெஷினைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்துவோம். அப்பா அம்மா, பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் வந்து, 'நம்ம ஆளு இதைத்தான் ஓட்டுறான்' என்று பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு போவார்கள். அந்த வருடம் என் மாமியார் முதல் தடவையாக வருவதாக இருந்தார்.

மாமியாருக்கு ஊர் குந்தாரப்பள்ளி. சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் குடும்பம். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னையும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சும்மா இருக்காமல், கம்பெனியே என் விரலில்தான் சுற்றுகிறது என்று வீட்டில் அளந்து வைத்திருந்தேன்.

பூஜைக்கு முந்தின நாள் மஞ்சுளா வந்து நின்றாள்.

"சார், நாளைக்கு எங்கப்பா வர்றாரு. கம்பெனில கூட்டித்தான் பெருக்குறேன்னு ஊர்ல யாரோ சொல்லி வெச்சிட்டாங்க. பாத்துட்டு, இங்க இருக்கறதா, ஊருக்கு வந்துடறதான்னு முடிவு சொல்றேன்னாரு. நீங்க ஒரு வார்த்த நல்லதா சொல்லுங்க சார்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். என் கவலை எனக்கு. மாமியாருக்குக் காட்டலாம் என்று நினைத்திருந்த மூன்றாம் நம்பரில் மாலை சரியாகத் தெரியவில்லை. நான்காம் நம்பர் மாலை பளிச்சென்று தெரிந்தது. விடுவேனா? உள்ளே கூலன்ட் வரும் வளைகிற பைப்பை வெளிப்பக்கமாக மடக்கி, அதில் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டேன். (கூலன்ட் என்பது இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க ஊற்றும் எண்ணெய் கலந்த தண்ணீர். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். முகர்ந்தால் இருக்காது.)

"சார், ஆன் பண்றதுக்கு முன்னாடி பைப்பைத் திருப்பிடணும்" என்றாள் மஞ்சுளா.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

மறுநாள் காலை பூஜை முடிந்தது. மஞ்சுளாவின் அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மகளின் மெஷினை அப்படி ஒரு ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் என் மனைவி கவிதா, மாமியாரை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மாமியார் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் இருந்தார்.

மஞ்சுளா தன் அப்பாவுக்கு மெஷினை விளக்கத் தொடங்கினாள். என் மாமியாரும் அவள் சொல்வதை வாயைத் திறந்தபடி கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்தேன்.

"இவங்க வேலை ஒண்ணும் பெருசில்லைங்க. பீஸைப் போடணும், பட்டனை அமுக்கணும், எடுக்கணும். தோசை சுடற மாதிரிதான். மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

மஞ்சுளாவின் முகம் விழுந்துவிட்டது. அவள் அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"தோச சுடறது ஒண்ணும் பெருசில்லையா மாப்ள?" என்றார் மாமியார்.

அந்தக் கேள்வியிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. "இப்பப் பாருங்க அத்தை" என்று பட்டன்கள் பக்கம் போனேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று மெஷின் கதவு விரியத் திறந்திருந்தது.

"சார், அந்த பைப்..." என்றாள் மஞ்சுளா.

"எனக்குத் தெரியும்மா."

அமுக்கினேன்.

சாமந்தி மாலைக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு வீச்சு புறப்பட்டது. சுற்றி அத்தனை பேர் நின்றிருந்தும் அது வேறு யாரையும் தேடவில்லை, நேராக என் மாமியாரின் முகத்துக்குப் போனது. நான் பதறி அடுத்த பட்டனை அமுக்கினேன். மெஷினுக்குள் விளக்கு எரிந்தது. அதற்கடுத்ததை அமுக்கினேன். இரும்புச் சுருளை வெளியே தள்ளும் பட்டை கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நாலு வருட அனுபவத்தில் எந்தப் பட்டன் எதற்கு என்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை. கடைசியில் மஞ்சுளாதான் அந்த வீச்சுக்குள்ளேயே புகுந்து, சிவப்புப் பட்டனை ஓங்கித் தட்டி நிறுத்தினாள்.

மாமியாரின் கொண்டையில் இரண்டு சாமந்திகள் ஒட்டியிருந்தன. தாடையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து எவனோ, "அபிஷேகம் முடிஞ்சுது, தீபாராதனை காட்டுங்கப்பா!" என்று குரல் கொடுத்தான்.

சரியாக அந்த நேரத்தில்தான் பிளான்ட் மேனேஜர் பூஜை பார்க்க வந்து நின்றார்.

"என்ன இது? யார் பண்ணது?"

யோசித்துச் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். யோசிக்கவே இல்லை. பழகிய வாய் தானாகத் திறந்தது. "ஆபரேட்டர் பைப்பைத் திருப்பி வெக்கல சார்."

"ஏனாய்த்தம்மா?" என்று மஞ்சுளாவின் அப்பா அவளிடம் கன்னடத்தில் கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்ட அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். முடிவு சொல்லிவிட்டார் என்று எனக்கே புரிந்தது.

மஞ்சுளா அங்கே நிற்கவே இல்லை. குடிதண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு என் மாமியாரிடம் ஓடியிருந்தாள். "கண்ணைத் தேய்க்காதீங்கம்மா, எரியும். இப்படி சாஞ்சுக்கோங்க" என்று தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். பூஜைக்கென்று புதிதாகப் போட்டு வந்த துப்பட்டாவை உருவி, முகத்தை ஒற்றி எடுத்தாள். அவள் வேலை போய்க்கொண்டிருந்தது. போக்கடித்தவனுடைய மாமியாரின் கண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "பைப்பை மடக்கினது நான் சார். பட்டனை அமுக்கினதும் நான்தான். வேணாம்னு சொன்னது இவங்க. நிறுத்தினதும் இவங்கதான்."

நான் மஞ்சுளாவின் அப்பாவிடம் திரும்பினேன்.

"ஐயா, முன்ன சொன்னது பொய். இந்த மெஷினுக்கு டூல் மாத்தறது, அளவு வெக்கறது எல்லாம் உங்க பொண்ணுதான். சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லிடுவாங்க. அதைத்தான் நான் மீட்டிங்ல போய் எம் பேர்ல சொல்லிட்டு இருக்கேன்."

அவர் மெஷினைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியாக என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கிண்டலே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையோடு கேட்டார்.

"சரிங்க. அப்ப நீங்க இங்க என்ன வேலை செய்றீங்க?"

மேனேஜர் சிரித்த சிரிப்பு கேன்டீன்வரை கேட்டிருக்கும். முதலில் கவிதா, அப்புறம் சொட்டச் சொட்ட நின்ற மாமியார், கடைசியில் மஞ்சுளாவும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தார். "நீ இங்கயே இரும்மா. இவர நம்பி மெஷின விட முடியாது" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் பொரியோடு வீட்டுக்குப் போன பிறகு, மூன்றாம் நம்பரைத் தனியாகத் துடைத்து முடிக்கும்படி மேனேஜர் எனக்கு உத்தரவு போட்டார். மூன்று மணி நேரம் ஆனது. மஞ்சுளா அதை ஒவ்வொரு வாரமும் செய்கிறாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த மீட்டிங்கில் "இது மஞ்சுளா கண்டுபிடிச்சது சார்" என்று சொன்னேன். மேனேஜர் என் முகத்தை உற்றுப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பழக்கம் ஒரே நாளில் போகவில்லை. நாக்கு நுனியில் 'நான்' வந்து நிற்கும், அதை விழுங்கிவிட்டு வேறு பெயரைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கசப்பு மாத்திரைதான். இப்போது மஞ்சுளா மொத்த லைனுக்கும் லீடர். ஆயுத பூஜைக்கு மாமியார் தவறாமல் வருகிறார். என்னைப் பார்க்க இல்லை, அவளைப் பார்க்க.

ஆனால் அவள் அப்பா கேட்ட கேள்வி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நான் எதற்காவது மார் தட்டினால் போதும், மனைவியோ மகளோ அதைக் கேட்டுவிடுவார்கள். போன வாரம்கூட மாமியார் போன் செய்தபோது, "இன்னைக்கு எங்க வீட்ல மீன் குழம்பு அத்தை, பிரமாதம்!" என்றேன்.

"மீன் யாரு ஆஞ்சது?"

"உங்க பொண்ணு."

"கொழம்பு வெச்சது?"

"அதுவும் உங்க பொண்ணுதான்."

"அப்ப நீங்க என்ன வேல செஞ்சீங்க மாப்ள?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன் அத்தை."



"அதுவும் வேலதான் மாப்ள" என்றார். "முன்னெல்லாம் அதுகூட உங்களுக்கு வராது."