நூற்றிருபது வோல்ட் தீர்மானம்

முகாம்களிலிருந்து தப்பி ரொறன்ரோ வந்தவர்கள், இப்போது காசு கட்டி விடுமுறை முகாமுக்குப் போகிறார்கள். அதுதான் நாகரிகம். அதற்கு ஆர்.வி. என்ற சில்லுப் பூட்டிய வீடு வேண்டும். பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் வாகீசனும் கடன்பட்டு ஒன்று வாங்கி, ஆலடிச்சந்தி மக்கள் ஒன்றியத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

வந்த ஆர்.வி.களில் எல்லாம் ஏசி ஓடியது, றைஸ் குக்கர் கொதித்தது. முகாமின் கரண்ட் தாங்கவில்லை. கரண்ட் கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவில் பூட்டியிருந்த பாதுகாப்புப் பெட்டிகள் தொண்ணூற்றெட்டு வோல்ட் என்று காட்டிவிட்டு, குறைந்த வோல்ட்டில் ஏசி மோட்டார் எரியாமலிருக்கக் கரண்டை வெட்டின. தலைவர் அமிர்தநாதரின் வரவேற்புரை பாதியில் நின்றது. அவசரக் கூட்டம் கூடியது.

"தம்பி, முகாம் ஒஃபிஸ் பலகையில எத்தினை வோல்ட் எண்டு போட்டிருக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"நூற்றிருபது, அண்ணை. ஆனா பெட்டி தொண்ணூற்றெட்டெல்லோ காட்டுது," என்றான் வாகீசன்.

"ஒஃபிஸ் அரசாங்கத்தில பதிஞ்ச ஒஃபிஸ். பெட்டி எங்க பதிஞ்சது?"

"பெட்டி பதியிறேல்லை அண்ணை. உது அளக்கிறது மட்டுந்தான்."

"அப்ப உதுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லை."

தீர்மானம் வாசிக்கப்பட்டது: 'இம்முகாமின் மின்னழுத்தம் நூற்றிருபது வோல்ட் என இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. மாற்றுக் கருத்துடைய பெட்டிகள் உடனடியாக அகற்றப்படல் வேண்டும்.'

எல்லாக் கைகளும் உயர்ந்தன. வாகீசனுடையது மட்டும் உயரவில்லை. வண்டியில் ஏதும் எரிந்தால் கடன்தான் மிஞ்சும்.

"கையைத் தூக்குங்கோப்பா," என்று மனைவி ரதி இடித்தாள். "பிறகு ஒருத்தரும் எங்களோட கதைக்கமாட்டினம்."

தூக்கினான்.

பெட்டிகள் கழற்றப்பட்டன. வண்டிகள் நேரே கம்பத்தில் பூட்டப்பட்டன. முதலில் செயலாளர் குணவதியின் ஏசி புகைந்து நின்றது. வாகீசன் களவாகத் தன் பெட்டியை ஒரு வெறுங்கம்பத்தில் பூட்டிப் பார்த்தான். கரண்ட் இழுக்க ஒரு ஏசி குறைந்ததால் வோல்ட் சற்று ஏறியிருந்தது. அடுத்து பொருளாளரின் ஏசி போனது, இன்னும் ஏறியது. பிறகு வந்த கருகல் மணம் அவனுடைய வண்டியிலிருந்து. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டான். எல்லோருடையதும் எரிந்து, கடைசியாகத் தலைவரின் ஏசியும் எரிந்தபோது பெட்டி சரியாக நூற்றிருபது காட்டியது.

அமிர்தநாதர் அதை எட்டிப் பார்த்தார்.

"பாத்தியளே, தீர்மானம் நிறைவேறிட்டுது."

புகைக்குள் இருமியபடி சபை கைதட்டியது. வருகிற வருடத்துக்கும் இதே தீர்மானம் செல்லுபடியாக வேண்டும் என்று குணவதி பிரேரித்தார். வாகீசன் ஆமோதித்தான்.