கொம்பரசியின் நான்கு ஷூக்கள்

“பாவம், அதுக்கு ஒரு ஷூ வாங்கிக் கொடுக்க ஆளில்லை போல. இந்த வயசுலயும் வெறுங்காலோடதான் மலை ஏறுது.”

ஒரு காட்டில், கோடையில் வற்றிக்கொண்டிருந்த குட்டையின் கரையில், ஒரு பெண்மயில் இன்னொரு பெண்மயிலிடம் சொன்னது இது. தண்ணீர் குடிக்க வந்து புதருக்குப் பின்னால் நின்ற வரையாடு கொம்பரசியின் காதில் விழுந்துவிட்டது. அது குனிந்து தன் குளம்புகளைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தவைதான். அன்றைக்குத்தான் அம்மணமாகத் தெரிந்தன.

கொம்பரசிக்குக் காட்டில் ஒரே ஒரு வேலை. மழைக்காலம் நெருங்கும்போது செங்குத்துப் பாறைகளில் தாவி உச்சிக்குப் போகும். மேற்கே மேகம் திரண்டால் அங்கிருந்து சீழ்க்கை அடிக்கும். சத்தம் கேட்டதும், வறண்ட ஓடைக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும் முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிடும். சீழ்க்கை வராவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வருடமும் நடந்ததில்லை.

மறுநாள் கொம்பரசி ஷூ கடைக்குப் போனது. ஆலமரப் பொந்தில் கடை வைத்திருந்தது சுருளப்பன் என்கிற சாரைப்பாம்பு. டோக்கன் வாங்கி வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நின்றது மரவட்டை. அதற்கு அளவெடுத்து முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது.

“வாங்க மேடம். நீங்க நடக்கிறது எந்த மாதிரி இடம்? பாறையா, மண்ணா, சேறா? வெயில்லயா, மழையிலயா?”

“பாறை... கொஞ்சம் மழை,” என்றது கொம்பரசி. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை.

“கொஞ்சம் மழைன்னு ஒண்ணு கிடையாது மேடம். வெயிலுக்குக் காத்துப் போற ஷூ. மழைக்குத் தண்ணி இறங்காத ஷூ. பாறைன்னா அடியில நல்லா பிடிப்பு இருக்கணும். முன்னால ஒரு கட்டைவிரல் அளவு இடம் விடணும்.”

“எனக்குக் கட்டைவிரல்...”

“அது பொது அளவு மேடம். எல்லாருக்கும் அதான்.”

கொம்பரசி தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டது: “தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குத்தான் காலே இல்லையே...”

சுருளப்பன் கோபப்படவில்லை. “கால் இருக்கிறவங்களுக்குத் தன் கால் மட்டும்தான் தெரியும். எனக்கு எல்லார் காலும் தெரியும். இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஒரு கொப்புளம் வந்திருக்கா எனக்கு? பாருங்க.”

பார்த்தார்கள். வந்திருக்கவில்லை. வரிசை கைதட்டியது.

“இப்ப அளவெடுக்கக் கூடாது மேடம். நல்லா நடந்து, கால் வீங்கினதுக்கு அப்புறம் சாயங்காலமா வாங்க.”

“குளம்பு வீங்காதுங்களே.”

“நடந்திருக்க மாட்டீங்க.”

கொம்பரசி காட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. குளம்பு வீங்கவில்லை. வீங்கியதாகவே எழுதிக்கொண்டு, சுருளப்பன் ஒரு அளவு கூடுதலாக நான்கு ஷூக்களை எடுத்துக் கொடுத்தது. “உடனே மலைக்குப் போட்டுட்டுப் போயிடாதீங்க. மூணு நாள் வீட்டைச் சுத்தியே நடந்து பழக்கணும். அப்பத்தான் கடிக்காது.”

கொம்பரசி சொன்ன பேச்சைக் கேட்கிற ஆடு. முதல் நாள் பழக்கியது. இரண்டாம் நாளும் பழக்கியது. மூன்றாம் நாள் ஓடையிலிருந்து முயல் வெள்ளையம்மா மூச்சிரைக்க ஓடிவந்தது.

“என்னக்கா, இங்கயே சுத்திட்டிருக்கே? மேற்கால ஒரு மாதிரி இருக்கே. போய்ப் பாக்கலையா?”

“இன்னும் அரை நாள் பாக்கி இருக்கு.”

“எதுக்கு?”

“பழக்கிறதுக்கு.”

வெள்ளையம்மா ஷூக்களை ஏற இறங்கப் பார்த்தது. “நல்லாத்தான் இருக்கு. என்னமோ, நீ படிச்சவ,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது.

அது ஓடைக்கு இறங்குவதற்குள் இடி இடித்தது. கொம்பரசி ஷூவோடு பாய்ந்தது. முதல் பாறையில் வழுக்கியது. இரண்டாம் பாறையில் முட்டித் தோல் பெயர்ந்தது. மூன்றாம் பாறையில் நின்று, நான்கு நாடாக்களையும் பல்லால் கடித்து அறுத்து, ஷூக்களை உதறிவிட்டு ஏறியது. அது சீழ்க்கை அடித்தபோது வெள்ளமும் வந்துவிட்டது. வெள்ளையம்மா தன் கடைசிக் குட்டியைக் காதைக் கவ்வி இழுத்துக் கரையேறியபோது தண்ணீர் கழுத்தில் இருந்தது. உயிர்ச் சேதம் இல்லை. வளை ஒன்றுகூட மிஞ்சவில்லை.

விசாரணை நடந்தது. தட ஆய்வாளர் நரி பரமானந்தம் தலைமை வகித்தார். அவர் மலை ஏறுகிற வழக்கம் இல்லை. பருந்து ஒன்றின் கழுத்தில் கேமராவைக் கட்டி அனுப்பி, உச்சியைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தார்.

“சீழ்க்கை ஏன் தாமதம்?”

“ஷூ பழக்கிட்டிருந்தேன் ஐயா.”

“அது சரி. உச்சிச் சேத்துல ஷூ தடமே இல்லையே? படத்துல வெறும் குளம்புதான் இருக்கு.”

“கழட்டிட்டுத்தான் ஐயா ஏறினேன்.”

கூட்டம் உச்சுக் கொட்டியது. மயில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கிளையில் சுற்றிக்கொண்டிருந்த சுருளப்பன், “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது, வால் நுனியால்.

தீர்ப்பு எழுதப்பட்டது. வெறுங்காலில் ஏறியதே தாமதத்துக்குக் காரணம். இனி உச்சியில் ஷூ தடம் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சீழ்க்கை வேலை ஆமைக்குப் போகும். ஆமை ஏற்கெனவே ஷூ வாங்கி முப்பது நாள் பழக்கி வைத்திருந்தது.

முயல்கள் ஓடைக்குள்ளேயே புது வளை தோண்டின. வேறு எங்கே போகும்? கொம்பரசி அதைத் தினமும் பாறையிலிருந்து பார்த்தது. ஆமையையும் பார்த்தது.

அடுத்த கோடையில் அது மறுபடி டோக்கன் வாங்கி வரிசையில் நின்றது.

“எந்த மாதிரி இடத்துக்கு மேடம்?”

“உச்சிச் சேத்துக்கு. நாலே நாலு அடி.”

“பிடிப்பு?”

“வேண்டாம். தடம் பெருசா விழணும். சட்டுனு மாட்டணும், சட்டுனு கழட்டணும்.”

சுருளப்பன் முதல்முறையாக அறிவுரை எதுவும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தது.

மேற்கே முதல் மேகம் தெரிந்த அன்று, கொம்பரசி நான்கு ஷூக்களையும் கயிற்றில் கோத்துக் கொம்பில் தொங்கவிட்டுக்கொண்டு, வெறுங்குளம்போடு தாவித் தாவி ஏறியது. உச்சியில் நின்று சீழ்க்கை அடித்தது. கடைசி முயல்குட்டி மேடேறும்வரை பார்த்தது. பிறகு ஷூக்களை மாட்டி, ஈரமண்ணில் நான்கு தடங்களை அழுத்திப் பதித்தது. அவற்றைக் கழற்றி, பக்கத்தில் கிடந்த தன் குளம்புத் தடங்களை மண் தள்ளி மூடிவிட்டு, பாறைமேல் தாவி இறங்கிப் போனது.

நீதி: ஷூ வாங்கும்போது நடக்கப்போகும் பாதையைப் பார்க்காதே, தடம் பார்க்க வரப்போகிறவரைப் பார்.