வாழவந்தி பஸ்ஸும் நான் வாங்கிய தாம்பூலமும்

ஒருவர் தினமும் எந்த பஸ்ஸில் போகிறார் என்பது ரகசியமே இல்லை. ஊரே பார்க்கத்தான் ஏறுகிறார், ஊரே பார்க்கத்தான் இறங்குகிறார். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, "நீங்க எந்த பஸ்ல போவீங்க?" என்று கேட்டால் மட்டும் பீரோ சாவியைக் கேட்டது மாதிரி முகம் மாறிவிடும். இந்த உண்மையை ஏற்காடு மலையில், வாழவந்தி என்ற ஊரில், கையில் தாம்பூலத் தட்டோடு நின்று நான் கற்றுக்கொண்டேன்.

படிப்பை முடித்துவிட்டு சேலத்தில் வீட்டோடு இருந்த எனக்கு ஒரு தனியார் கம்பெனியில் சர்வே எடுக்கும் வேலை கிடைத்தது. (வேலை என்று அம்மா சொன்னாள். அப்பா கடைசிவரை, "ஏதோ கேள்வி கேக்கப் போறாளாம்" என்றுதான் சொன்னார்.) மலை ஊர்களுக்கு ஓடும் பஸ்களில் மக்கள் எதில் அதிகம் போகிறார்கள் என்று கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். ஆள் ஏறாத வண்டியை நிறுத்திவிடலாம் என்று கம்பெனி போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதிக் கொடுக்கும்.

கேள்விகள் எல்லாம் சென்னை மெட்ரோ ரயில் பயணிகளுக்காகத் தயாரித்தவை. 'மெட்ரோ' இருந்த இடத்தில் 'பஸ்' போட்டிருந்தார்கள். அதையும் அவசரத்தில் செய்ததால், "நீங்கள் அதிகம் பயணிப்பது நீல வழித்தடமா, பச்சை வழித்தடமா?" என்பது அப்படியே தங்கிவிட்டது.

சூப்பர்வைசர் சார் கண்டிப்பானவர். "ஒரு கேள்வியக் கூட விடக்கூடாது. எதுக்காகக் கேக்கறோம்னும் சொல்லக்கூடாது. சொன்னா எல்லாரும் பொய் சொல்லுவாங்கம்மா" என்றார். நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் வேலை என்பதால் அம்மா என்னைப் பட்டுச் சேலையில் சுற்றி, தன் கழுத்துச் சங்கிலியை எனக்குப் போட்டு, தலை நிறைய மல்லிகைப் பூ வைத்து அனுப்பினாள். ஆபீசர் மாதிரி இருப்பதாக எனக்கு நினைப்பு. (அன்று எடுத்த போட்டோ இருக்கிறது. சந்தேகமே வேண்டாம், நாத்தனார் மாதிரிதான் இருக்கிறேன்.)

வாழவந்தியில் இறங்கியபோது நல்ல குளிர். நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்கார பாப்பாத்தி அக்கா, "வா கண்ணு, சூடா ஒரு டீ குடி" என்று வாஞ்சையாகக் கூப்பிட்டார். பக்கத்தில் அவருடைய மகள் தேன்மொழி, சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. முதல் ஆளாக அவளையே பிடித்தேன்.

"தினமும் எந்த பஸ்லங்க போவீங்க?"

"இப்ப வரும் பாருங்க, அந்த ஏற்காடு பஸ்லதாங்க."

"தனியாவா, துணையோடவா?"

"தனியாத்தாங்க."

"சாயங்காலம் பஸ் போயிட்டா யாரு வண்டியில வருவீங்க?"

பாப்பாத்தி அக்காவின் கையில் டீ டம்ளர் அப்படியே நின்றது. நிறுத்தத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார் அக்கா. 'கண்ணு' காணாமல் போயிருந்தது.

"சேலமுங்க."

"எதுக்குங்க புள்ளயப் பத்தி இத்தன கேக்கறீங்க?"

"அத இப்ப சொல்லக்கூடாதுங்க. நான் விசாரிச்சுட்டுப் போயிச் சொல்லுவேன். பெரியவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க."

இதைச் சொல்லிவிட்டு ஒரு புன்னகையும் வைத்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது.

பிறகு எனக்குத் தெரியவந்த விஷயம் இதுதான். தேன்மொழிக்குச் சேலத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேலைக்குப் போகிற பெண் வேண்டாம். இவர்களும், 'புள்ள ஊட்டோடதான் இருக்குது' என்று சொல்லிவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து விசாரிப்பார்கள், உஷாராக இருங்கள் என்று தரகர் முந்தின நாள்தான் எச்சரித்திருந்தார். மறுநாள் காலை நான் பட்டுச் சேலையோடு போய் இறங்கி, பெண் யாரோடு வண்டியில் வருகிறாள் என்று கேட்கிறேன்.

"புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க. அது பஸ்ஸே ஏறாதுங்க" என்று அக்கா மகளின் சாப்பாட்டுப் பையைப் பிடுங்கிக் கடைக்குள் போட்டார். பதிந்ததை நான் அழித்தேன்.

அடுத்தவரைக் கேட்டேன். "நாங்க யாருமே பஸ்ல போறதில்லீங்க. ஊட்டுலயேதான் இருப்போம்" என்றார், சட்டைப்பையில் பஸ் டிக்கெட் எட்டிப்பார்க்க.

பஸ் வந்தது. யாரும் அசையவில்லை. கண்டக்டர் எட்டிப்பார்த்து, "ஏனக்கா, தேன்மொழி வரலியா?" என்று கேட்க, "எந்தத் தேன்மொழி? போப்பா அங்கிட்டு!" என்று பாப்பாத்தி அக்கா பாய்ந்தார். தினமும் முண்டியடித்து ஏறுகிறவர்கள் அன்றைக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் காலியாகக் கிளம்பிப் போனது.

சூப்பர்வைசருக்கு போன் செய்தேன்.

"ஒருத்தரும் ஏறலையா? அப்ப அந்தக் காலை வண்டிய நிறுத்திடலாம்னு எழுதிடறேன். மதியத்துக்குள்ள யாராச்சும் தினமும் போறேன்னு சொன்னா சொல்லு."

அந்தப் பெண் வேலைக்குப் போகத்தான் நின்றாள் என்று எனக்குத் தெரியும். அந்த பஸ் நின்றால் அவள் வேலையும் நின்றுபோகும். அதை இவர்களிடம் சொல்லவும் கூடாது. அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அதற்குள் தேன்மொழியின் அப்பா செல்வராசு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். "ஊட்டுக்குள்ள வாங்க, ஏன் வெளிய நிக்கறீங்க" என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு அழைத்துப்போனார். கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. (சர்வே எடுப்பவர்களை மலையில் இவ்வளவு மதிக்கிறார்களே என்று உருகிப்போய் இரண்டாவது தடவையும் கேசரி வாங்கிக்கொண்டேன்.) கடமை தவறாமல், நீலமா பச்சையா என்றும் கேட்டேன். "உங்களுக்கு எது புடிக்குமோ அதே கலருல எடுத்துடலாமுங்க" என்றார் செல்வராசு பணிவாக.

மதியம் நெருங்க நெருங்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிட்டத்தட்டக் கெஞ்சினேன். "தயவு செஞ்சு உண்மையச் சொல்லுங்க. இல்லாட்டி எல்லாம் நின்னு போயிருமுங்க."

செல்வராசுவின் முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா எம்புள்ள எங்கியும் போறதில்லீங்க!"

"போறனுங்க!"

உள்ளேயிருந்து தேன்மொழி வந்து என் எதிரே நின்றாள்.

"தினமும் போறனுங்க. காலைல பஸ்ல போறேன். சாயங்காலம் பஸ் போயிட்டா காய்கறி லாரியில கூட ஏறி வந்திருக்கறேன். எனக்கு அந்த வேலை நொம்பப் புடிச்சிருக்குது. கல்யாணத்துக்கு அப்பறமும் போவேன். இதுக்குச் சம்மதம்னா மேல பேசுங்க, இல்லீன்னா கேசரி சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

கல்யாணம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும் நிலையிலா நான் இருந்தேன்? காலையிலிருந்து முழுசாகக் கிடைத்த முதல் பதில்! டேப்லெட்டில் படபடவென்று பதிந்தேன். லாரியை 'இதர வாகனங்கள்' என்பதில் போட்டேன். எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதத்தாங்க எதிர்பாத்தேன்! இனிமே ஒண்ணும் நிக்காது. நான் பாத்துக்கறேன்!" என்றேன்.

செல்வராசு மனைவியைப் பார்த்தார். பாப்பாத்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். வரும்போது கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், பூ.

"ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க" என்றார் செல்வராசு.

வாங்கினேன். நானும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். பெண் வீட்டில் தட்டை வாங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது பெண் வீடு என்பதுதான் தெரியாது.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாளும், அவருடைய தம்பியும் இறங்கினார்கள். தேன்மொழி வீடு இதுதானே, மாப்பிள்ளையின் அம்மா வந்திருப்பதாகச் சொல்லுங்கள் என்றார்கள். செல்வராசு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப... இவங்க உங்க பொண்ணு இல்லீங்களா?"

"எனக்குப் பொண்ணே இல்லீங்களே" என்றார் அந்த அம்மாள்.

எல்லாக் கண்களும் என்மேல். "அப்ப நீ யாரு கண்ணு?" என்றார் பாப்பாத்தி அக்கா. 'கண்ணு' திரும்பி வந்திருந்தது, ஆனால் வாஞ்சை வரவில்லை.

"பஸ் சர்வேங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என் கையிலிருந்த தட்டு மட்டும்தான் தெரிந்தது. "எங்களுக்கு முன்னாடியே வேற எடத்துக்குத் தட்டு குடுத்துட்டீங்களா?" என்று கொதித்தார். யார் யாரோ சமாதானம் சொல்ல, தேன்மொழி குறுக்கே வந்து, "அவங்ககிட்டச் சொன்னத உங்ககிட்டயும் சொல்லீடறனுங்க" என்று லாரி உட்பட ஒன்று விடாமல் திரும்பச் சொன்னாள். கார் வந்த வேகத்தில் திரும்பியது. (தம்பிக்காரர் மட்டும் போகிற போக்கில் ஒரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.)

செல்வராசு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நல்ல மனிதரின் வீட்டில் புகுந்து இப்படிச் செய்துவிட்டோமே என்று எனக்கு நிஜமாகவே செத்துவிடலாம் போலிருந்தது. தட்டை மெல்ல அவர் முன்னால் நீட்டினேன். அவர் தொடவில்லை.

"குடுத்தத திருப்பி வாங்கற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏனுங்க, உங்க ஊட்டுல பையன் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"தம்பி ஒருத்தன் இருக்கானுங்க" என்றேன், பயத்தில் உண்மையை மறைக்கத் தெரியாமல். "ஒன்பதாவது படிக்கறான்."

முதலில் சிரித்தது தேன்மொழிதான். அவள் சிரித்ததைப் பார்த்து அக்கா சிரித்தார். செல்வராசு எவ்வளவோ அடக்கிப் பார்த்து முடியாமல் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

நான் வந்த காரணத்தை விதியை மீறி உடைத்துச் சொன்னதும் ஊரே வரிசையில் நின்று, தாங்கள் தினமும் பஸ்ஸில் போவதாகச் சத்தியம் செய்தது. சூப்பர்வைசர் எதையும் நம்பவில்லை. "காலைல ஒருத்தரும் இல்ல, மதியம் ஊரே போகுதா?" என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டார். லாரியில் வந்த பெண்ணின் பதிலை மட்டும், "இது நம்பற மாதிரி இருக்கு" என்று வைத்துக்கொண்டார். அந்த ஒரு பதிலால் பஸ்ஸை நிறுத்தவில்லை. பதில் சொன்னவரிடமே தேங்காய் பழம் வாங்கியதற்காக என்னை நிறுத்திவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்துத் தேன்மொழிக்குக் கல்யாணம் நடந்தது. அந்த மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தபோதே, "எத்தன மணி பஸ்ஸுங்க?" என்றுதான் முதலில் கேட்டாராம். நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். செல்வராசு என் தம்பியைத் தோளில் கைபோட்டு இழுத்துப்போய், "இவருதானுங்க எங்க பழைய மாப்ள" என்று பந்தி பந்தியாக அறிமுகம் செய்துவைத்தார். மீசை அரும்பிய வயதில் அவன் பட்ட பாட்டை இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம்.

போன மாதம் தம்பிக்கு ஈரோட்டில் பெண் நிச்சயமானது. சந்தோஷத்தோடு செல்வராசுவுக்கு போன் போட்டுச் சொன்னேன். மறுமுனையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்:

"அதெப்படிங்க? எங்க தாம்பூலத்துக்கு என்னங்க பதிலு?"