பென்னலூரில் கோவா சட்டம்

“நீ படிச்சிக்கீற, இல்லன்னு சொல்லல. அதுக்காக வருமான வரியெல்லாம் நீயே போடுவியா? வாலாஜாபாத்துல ஆடிட்டரு கீறாரு, அவராண்ட குட்த்துடும்மா.”

சொன்னவர் என் மாமியார். நான் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் ஆடிட்டர் என்ற சொல் என்னை நேராகத் திட்டுவதுபோல் கேட்டது. (டிகிரிய லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டினவகிட்ட சொல்ற பேச்சா இது?)

ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் தயாரிக்கும் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. என் கணவர் குமரனுக்கு அடுத்த காம்பவுண்டில் வேலை. எங்கள் ஊரான பென்னலூரில் அவர் பெயரில் வரிசையாகச் சில வீடுகள் உண்டு. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நாங்கள் குடியிருக்க ஒரு புது வீடு வாங்க வங்கிக் கடன் கேட்டிருந்தோம். அந்த வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் வரவேண்டும் என்பது என் பிடிவாதம். அப்படியானால் இருவரும் வரிக் கணக்கைத் தனித்தனியே தாக்கல் செய்து அதைக் காட்ட வேண்டும் என்றது வங்கி.

ஞாயிறு மதியம் மடிக்கணினியைத் திறந்தேன். சம்பளம், வரிப் பிடித்தம் எல்லாம் சுலபமாகப் போயின. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. நீங்கள் போர்ச்சுகீசிய சிவில் சட்டத்துக்கு உட்பட்டவரா?

குமரன் எட்டிப் பார்த்தார். “நம்ம எப்ப போர்ச்சுகலுக்குக் கீழ போனோம்?”

“உங்க கம்பெனி எந்த நாட்டுது?”

“ஜப்பான்.”

“எங்களுது?”

“கொரியா.”

“ஆடிட்டுக்கு வர்றவங்க?”

“ஜெர்மனி.” கொஞ்சம் யோசித்தார். “சரி, ஆமான்னு போடு.”

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது பழக்கம்தான். ஏதாவது ஒரு நாட்டின் விதிக்கு உட்பட்டவர் என்று ஒப்புக்கொள்ளாமல் இங்கே கம்பெனி கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். கணினியில் தரும் பாதுகாப்புப் பயிற்சியில் ‘இல்லை’யை அழுத்தினால் முதல் பக்கத்துக்குத் துரத்திவிடும். எனவே என் விரல் தானாகவே ‘ஆம்’ பக்கம் போய்விட்டது.

உடனே ஒரு புதுப் பக்கம் திறந்தது. கணவரின் வாடகை வருமானத்தில் பாதியை மனைவி பெயரில் காட்டச் சொன்னது. எனக்குப் புல்லரித்தது. அரசாங்கம் இவ்வளவு முன்னேறியிருப்பது ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லையே என்று வருத்தம்கூட வந்தது. பாதியாகப் பிரித்து இருவர் கணக்கையும் அனுப்பிவிட்டு, மாமியாருக்குக் கேட்கும்படி மடிக்கணினியை மூடினேன்.

வங்கிக்கு மாமியாரும் கிளம்பி வந்தார். கடன் பிரிவு அதிகாரி என் வயதுப் பெண். தாள்களைப் புரட்டியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மேடம், உங்களுக்குச் சொந்த ஊர் கோவாவா?”

“இல்ல மேடம், பென்னலூர்.”

“சார் கோவாவா?”

“அவரும் பென்னலூர்தான்.”

“அப்ப ஏன் போர்ச்சுகீசியச் சட்டம்னு போட்டிருக்கீங்க? அது கோவா மாதிரி இடங்கள்ல இருக்கறவங்களுக்கு. அங்க சம்பளம் தவிர மத்த வருமானத்த புருஷன் பொண்டாட்டி சமமா பிரிச்சுக் காட்டணும். நமக்குக் கிடையாது.”

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். “கல்யாணமானதுல இருந்து மகாபலிபுரம் தாண்டுனது கெடையாது. எப்படா கோவா போனீங்க?”

குமரன் மேலே மின்விசிறியைப் பார்த்தார். (நல்லா ஓடிக்கினுதான் இருந்துச்சு.)

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “ரெண்டு பேரும் திருத்தித் தாக்கல் பண்ணணும். அவசரம்னா சார் பேர்ல மட்டும் லோன் போட்டுடலாம். வீடும் அவர் பேர்லயே பதிவாயிடும்.”

படித்தவள் என்று நின்ற நானே என் பெயரை அடித்துவிட்டேன். குமரன் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி மின்விசிறிக்கே போய்விட்டார்.

மாமியார்தான் பேசினார். “அதெல்லாம் வாணாம்மா. தப்பு பண்ணவளே திருத்திக் குடுப்பா. ரெண்டு பேரு பேர்லயே போடு.”

திரும்பும் பேருந்தில் மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு காதருகே குனிந்தார். “அந்தச் சட்டத்துல, வாசல் பெருக்கி வாடக வசூல் பண்ற மாமியாருக்கு எவ்ளோ?”

“ஒண்ணும் இல்ல அத்தை.”

“அதான பாத்தேன். அதையும் ஆம்பளதான் எழுதிக்கீறான்.”

அன்றே திருத்தினேன், இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்து. கடன் கிடைத்தது; பத்திரத்தில் என் பெயரும் ஏறியது. எங்கள் வீட்டில் இப்போது எதையும் யாரும் பாதியாக வெட்டுவதில்லை, ‘கோவா’ போடுகிறார்கள். வடையானாலும் சரி, பப்பாளியானாலும் சரி. கூடவே என் முகத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள்.

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று என்னால் இருக்க முடியவில்லை. போன வாரம் மறைமலை நகரில் வரிக் கணக்கு சொல்லித்தரும் விடுமுறை நாள் வகுப்புக்குப் போனேன். மாமியாரும் கூடவே வந்தார். இந்த வேலையில் முன் அனுபவம் உண்டா என்று அங்கே பெயர் பதிபவர் கேட்டார்.

“கீது சார்,” என்றார் மாமியார். “கோவா வரைக்கும்.”

பெயர் பதிபவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. கட்டணத்தை வாங்கிக்கொண்டு என் பெயரைச் சேர்த்துக்கொண்டார்.