கிண்டாத யக்கா, கோடு ஆடுது!

கண்ணெதிரே இருப்பதைக்கூடக் கருவி வந்து சொன்னால்தான் நம்பும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேர்த்துக் கொட்டினாலும் எத்தனை டிகிரி என்று பார்த்துவிட்டுத்தான் மின்விசிறியைப் போடும்.

இராஜபாளையத்து இயற்பியல் பேராசிரியர் இருளப்பசாமி அந்த இனத்தின் தலைப்பிள்ளை. அவருடைய செல்லம் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். பொருளின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை இழை இழையாகப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று நொடிக்கு இருபது முறை திரையில் கோடாக வரையும். அதை வைத்துக் காப்பியை அளந்தார், மனைவி அனுசியாவின் பட்டுப்புடவையை அளந்தார், முடிவையும் வாய்விட்டுச் சொன்னார். இரண்டு நாள் ஓட்டல் சாப்பாடு.

மகள் மாரிச்செல்விக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தட்டில் வைக்கும் பால்கோவா அத்தை கையால் கிண்டியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். அத்தை, அதாவது இருளப்பசாமியின் அக்கா சீனியம்மாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பது வருடமாகக் கோவாக்கடை வைத்திருப்பவர். விசேஷமும் அவர் வீட்டில்தான். மாப்பிள்ளை வீட்டார் மம்சாபுரத்திலிருந்து பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கே தம்பி கருவியோடு அடுப்படியில் ஆஜர்.

"பதம் வந்துட்டுலே, எறக்கணும்."

"செத்த பொறு யக்கா. ஈரத்தக் காட்டுற கோடு இன்னும் எறங்கல. ரெசல்யூஷன கூட்டிப் பாக்கேன்."

அக்கா துடுப்பைப் போட்டுக் கிண்டினார். திரை நடுங்கியது.

"கிண்டாத யக்கா, கோடு ஆடுது!"

"ஏலே, கிண்டலன்னா அடிபிடிச்சிரும்!"

"அடிபிடிச்சா இதுல தெரியும்."

தெரிந்தது. இருபது லிட்டர் பால் கருகிய கணத்தைக் கருவி அப்படியே பிடித்துவிட்டது. தெருமுனை வரை எல்லோர் மூக்கும் அதை முன்பே சொல்லியிருந்தது. ஆனால் மூக்குக்குத் திரை கிடையாதே!

"எம்புட்டு துல்லியம் பாத்தியா!" என்று புல்லரித்துப் போனார் இருளப்பசாமி.

சீனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்க்கடைக்குப் போய்க் கோவா வாங்கினார். கடைக்காரர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அதுதான் சீனியம்மாளுக்கு நெஞ்சை அறுத்தது.

வாங்கியதைத் தட்டில் வைத்ததும் தம்பி அதன் மேலும் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். "யக்கா, இதுதான் சரியான பதம்!"

துடுப்பு உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றதால் மனிதர் தப்பித்தார்.

நாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் அடுப்படியிலிருந்து கொஞ்ச நேரமாக ஒரு வாசம் வருகிறதே? இந்த வரியையும் படித்துவிட்டுப் போகலாம் என்றுதானே உட்கார்ந்திருக்கிறீர்கள்?