கேட்டைச் சாத்தத் தெரியாதவன்

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.

பிரான்சு தேசத்தில் குளிரோடும் பென்ஷனோடும் காலம் தள்ளும் மச்சான் அரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

பலராமன் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை அஞ்சலாட்சியும் சுகம். சுகம் என்று எழுதாவிட்டால் நீங்கள் பயந்துபோவீர்களே என்று எழுதினேனே தவிர, அப்படி ஒன்றும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம். நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் உங்கள் தங்கை போனைப் பிடுங்கி வேறொன்று சொல்வாள். அதனால் அவள் மத்தியானம் கண்ணயர்ந்திருக்கும்போது இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான்: வருகிற டிசம்பரில் நீங்கள் தயவுசெய்து வர வேண்டாம். உங்களுக்கென்று பூட்டி வைத்திருக்கும் மாடி போர்ஷன் மனிதர் தங்கும் நிலையில் இல்லை. அதில் ஒரு படகு இருக்கிறது.

எல்லாம் வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். இளம்பரிதி என்று ஒரு டைரக்டர் தம்பி போன மாதம் வந்து, "சார், உங்க வீடு அப்படியே நம்ம கதையில வர்ற வீடு" என்றார். கதை என்னவென்றால், சண்டைக்குத் தப்பிப் படகில் வந்த முப்பது பேர் இந்த ஊரில் வீடு வீடாகப் போய் இடம் கேட்கிறார்களாம், நாலு குடும்பங்கள் நாலு விதமாகச் சாக்குச் சொல்லி அனுப்பிவிடுமாம், ஜனங்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். "இதுல சிரிக்க என்னப்பா இருக்குது?" என்று கேட்டேன். "டார்க் காமெடி சார். தியேட்டர்ல சிரிச்சிட்டு, வீட்டுக்குப் போய் அழுவாங்க." எனக்குத் தியேட்டருக்குப் போகும் சிரமம்கூட வைக்கவில்லை. ஜெனரேட்டர் வண்டி ஏறி வாசலில் சாக்கடைக் கல் இரண்டாகப் பிளந்தது, பொங்கலுக்கு அடித்த வெள்ளைச் சுவரை, "பாண்டின்னா மஞ்சள்தான் சார்" என்று மஞ்சளாக்கினார்கள், என் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு யாரோ ஒரு டாக்டர் பெயரை மாட்டினார்கள், அதை நம்பி இரண்டு பேர் இருமிக்கொண்டு வந்து நின்றார்கள், தபால்காரர் என் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். பிளைவுட்டில் செய்த பாதிப் படகைத் தெருவில் போட்டால் மழையில் ஊறிவிடும் என்று உங்கள் கட்டிலை நகர்த்திவிட்டு மாடியில் ஏற்றினார்கள். எப்படி ஏறியது என்று கேட்காதீர்கள். ஏறியது, இறங்கவில்லை.

அகதிகளாக நடிக்கப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமிலிருந்தே ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அதில் தவமலர் என்று ஒரு பெண். ஆறு வயதில் மன்னாரிலிருந்து நிஜமான படகில் வந்தவள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம், பிள்ளை எல்லாம் முகாமிலேயே ஆகியும் அட்டையில் இன்னும் அகதிதான். முதல் நாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். "அகதி மாதிரியே இல்லியேம்மா" என்று அந்தப் புடவையை டீத்தண்ணீரில் முக்கிக் காயப்போட்டார்கள். பேசுவது இலங்கைத் தமிழ் மாதிரி இல்லை என்று சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அவளும் பொறுமையாகக் கற்றுக்கொண்டாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இதற்கு மேல்தான் என் தலையெழுத்து. வீட்டுக்காரராக நடிக்க வேண்டியவர் வேறு படத்துக்குப் போய்விட்டார். நான் ஜெனரேட்டர்காரரிடம் கத்திக்கொண்டிருந்ததை டைரக்டர் பார்த்துவிட்டு, "சார், இந்தக் கோவம் போதும், நீங்களே நடிச்சிடுங்க" என்றார். காட்சி சின்னதுதான். தவமலர் கேட்டுக்கு வெளியே பையோடு நின்று, "ஐயா, தங்க ஓர் இடம் கிடைக்குமா?" என்று கேட்பாள். நான் "இடம் இல்ல" என்று சொல்லிக் கேட்டைச் சாத்த வேண்டும். உங்களுக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருஷம் மீட்டர் ரீடிங் எடுக்க ஊரார் வாசலில் நின்றவன் நான். சில வீட்டில் மோர் கொடுத்தார்கள், சில வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். வாசலில் ஒருத்தரை நிற்க வைத்துப் பேச எனக்கு வராது. முதல் டேக்கில், "வெயில்ல ஏம்மா நிக்கிற, உள்ள வா" என்றுவிட்டேன். இரண்டாவதில் "இடம் இல்ல" என்று சரியாகச் சொல்லிவிட்டுக் கேட்டை அகலத் திறந்தேன். ஐந்தாவதில் உங்கள் தங்கை சொம்பில் தண்ணீரோடு கேமராவுக்குள் நுழைந்துவிட்டாள். ஒன்பதாவதில் எனக்கே கண் கலங்கிவிட்டது. "வீட்டுக்காரர் அழக்கூடாது சார், ஜனங்கதான் அழணும்" என்றார் டைரக்டர். பாவம் பார்த்துத் தவமலரே கிட்டே வந்து சொல்லிக்கொடுத்தாள்: "ஐயா, என் முகத்தப் பாக்காதீங்க. வேற எதையாச்சும் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க, வரும். எங்களுக்குச் சொன்னவங்க எல்லாம் அப்படித்தான் சொன்னாங்க." அப்படியும் எனக்கு வரவில்லை. பதினாலு டேக். கடைசியில் லைட்மேன் ஒருவரின் கையை மட்டும் வைத்துக் கேட்டைச் சாத்தி எடுத்துக்கொண்டார்கள். தெருவில் இப்போது என் பெயர் கேட்டைச் சாத்தத் தெரியாதவன். அஞ்சலாட்சிக்கு அதில் ஒரே பெருமை, எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்கிறாள். மறைப்பானேன், எனக்கும் கொஞ்சம் இருந்தது.

ஆக, சாக்கடை உடைந்து, சுவர் மஞ்சளாகி, மாடியில் படகு நிற்கிற வீட்டுக்கு நீங்கள் வந்து என்ன காணப் போகிறீர்கள்? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் தமிழ் மறக்காமலும் சளி பிடிக்காமலும் இருக்க மணக்குள விநாயகர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
பலராமன்.

பின்குறிப்பு: இதை எழுதி வைத்து எட்டு நாள் ஆகிறது. எழுதிய மறுநாளே படகை இறக்கிவிட்டார்கள். அஞ்சலாட்சி மாடியைக் கழுவிவிட்டாள், உங்கள் கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் காலை தவமலர் வந்தாள். கேமரா இல்லை, நல்ல புடவை. அவள் அம்மாவுக்குக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியமாம். தினமும் முகாமிலிருந்து தூக்கி வர முடியவில்லையாம். முகாமுக்கு வெளியே தங்க அனுமதியும் வாங்கிவிட்டாளாம். "ஐயா, ரெண்டு மாசம் மட்டும் மாடியில தங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். போலீஸ் வந்து விசாரிக்குமே, தெருவில் என்ன பேசுவார்கள், இரண்டு மாசம் முப்பத்தைந்து வருஷமாகிவிட்டால் என்ன செய்வது என்று என்னவெல்லாமோ மனசில் ஓடியது. நான் மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். "இல்லம்மா, மச்சான் பிரான்சிலேருந்து வராரு, அவருக்கு வேணும்" என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். ஒரே தடவைதான். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அவள் கேட்டுக்கு வெளியே புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "இப்ப சரியா வந்துச்சுங்க ஐயா" என்றாள். குத்திக்காட்டவில்லை, மச்சான். நிஜமாகவே எனக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் தங்கை கடைக்குப் போயிருந்தாள், அவளுக்கு இது தெரியாது. நேற்று பஸ் ஏறிக் கோரிமேட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வெளியூர் பஸ்களிலிருந்து ஜனம் இறங்கிக்கொண்டே இருந்தது. பெயர் சொல்லி விசாரிக்கத் தைரியம் வராமல் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். டிசம்பரில் கட்டாயம் வாருங்கள், இரண்டு மாசம் தங்குங்கள். நீங்கள் வந்துவிட்டால் நான் அவளிடம் சொன்னது உண்மையாகிவிடும். வராவிட்டால் நான் அந்தப் பெண்ணை விரட்டினதாகத்தான் ஆகும்.