மெட்ராஸ் போனது ஆருங்க?

"முத்தாத்தாள் வந்துட்டாங்களா?" என்று சேர்மன் நரசிம்மலு மறுபடியும் கேட்டபோது கிளமென்ட் மேடையோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மொத வரிசையிலயே உக்காந்திருக்காங்க சார்."

கோயமுத்தூர் பீளமேட்டுக் கல்யாண மண்டபத்தில் பூஞ்சோலை பேங்கின் ஆண்டுக் கூட்டம். ஜப்பானில் போன வருஷம் உலக நாடுகள் கூடிப் பூமியின் சூட்டைப் பற்றிப் பேசியதிலிருந்து சேர்மனுக்குப் பச்சை மேல் ஒரு பிரியம். மேடையில் 'பூமி சூடாகிறது, புகையைக் குறைப்போம்' என்று பேனர். எழுதியவர் விளம்பர அதிகாரி கிளமென்ட். ஆனால் அதே பேங்க் சந்தா கட்டும் ஆலைச் சங்கம், போன வாரம் மெட்ராஸில் அமைச்சரைப் பார்த்து, கரிப்புகைச் சட்டம் இப்போதைக்கு வேண்டாமென்று கேட்டுவிட்டு வந்திருந்தது. பேங்க் சார்பில் கூடப் போனது யார் என்று கூட்டத்தில் கேட்கப்போவதாக, தொண்டாமுத்தூர்ப் பங்குதாரர் முத்தாத்தாள் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

போனவர் சாட்சாத் நரசிம்மலுவேதான்.

"நான் போனது யாருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்கும்னா சார்?"

"யாருக்கும்னா யாருக்குந்தான்! வாயத் தொறந்தே, நாளைக்கே ஒரிசா கிளைக்கு மாத்திப்போடுவேன்."

மகள் ஃபெமினாவை இப்போதுதான் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார் கிளமென்ட். ஒரிசா போகாமல் தப்ப, அந்தக் கேள்வியே வராமல் செய்தாக வேண்டும்.

கூட்டத்துக்குப் பாதிப் பேர் வருவதே முடிவில் கொடுக்கும் மைசூர்பாகு டப்பாவுக்காகத்தான். முதலிலேயே கொடுத்துவிட்டால் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்துக் கொடுத்தார். ஒருவரும் அசையவில்லை. வாய் இனித்ததும் சாவகாசமாகக் காலை நீட்டிக்கொண்டார்கள்.

சரி, முத்தாத்தாளுக்கு மட்டும் இன்னொரு டப்பா.

"ஏனுங்க தம்பி, எனக்கு மட்டும் எதுக்குங்க ரெண்டு?" என்று அவர் கேட்டது கடைசி வரிசை வரை எட்டியது.

"கேள்வி கேக்கறவங்களுக்கு ரெண்டு டப்பாவுங்களா? அப்ப எனக்கும் கேள்வி இருக்குதுங்க!" என்றார் பின்னாலிருந்த கந்தப்பன். உடனே கைகள் மளமளவென்று உயர்ந்தன.

கிளமென்ட் மைக்செட் பஷீருக்குக் கண்ணைக் காட்டினார். மைக் செத்தது.

"கேக்கலைங்க! அம்மாவ மேடைக்கு ஏத்துங்க!" என்று கூட்டம் கத்தியது. முத்தாத்தாள் இப்போது சேர்மனுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"பேனர்ல ஒண்ணு, மெட்ராஸ்ல ஒண்ணுங்களா? போனது ஆருங்க?"

"அது சங்கம் போனதுங்க, பேங்க் இல்லீங்க," என்றார் நரசிம்மலு.

"சங்கத்துக்குக் கட்டற சந்தா நம்முளுதுதானுங்களே? கூடப் போனது ஆருங்க?"

நரசிம்மலு வழி தேடி நாலு பக்கமும் பார்த்தார். "நம்ம கிளமென்ட்தானுங்க."

"ஐயோ, நான் உக்கடம் பஸ் ஸ்டாண்டைக்கூடத் தாண்டலீங்க! சேர்மன் சாரேதானுங்க போனாரு!"

சொல்லிவிட்டுக் கிளமென்ட் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டபமோ கைதட்டலில் அதிர்ந்தது. இனிமேல் பேங்க் பேரில் யார் அரசாங்கத்திடம் போய் என்ன பேசினாலும் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும் என்று கந்தப்பன் தீர்மானம் கொண்டுவர, நெய் வடியும் கைகளெல்லாம் உயர்ந்தன.

"உண்மையச் சொன்ன தம்பிய எங்கயும் மாத்தாதீங்க; இதைக் கவனிக்கக் கோயமுத்தூர்லயே இருக்கட்டுமுங்க," என்றார் முத்தாத்தாள். அதுவும் நிறைவேறியது.

கிளமென்ட்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடி முத்தாத்தாளைப் பிடித்தார்.

"எப்படிங்கம்மா உங்களுக்கு இந்தக் கேள்வி தோணுச்சு?"

"எனக்கெங்க கண்ணு தோணுது? சேர்மன் ஊட்டு அம்மணிதான் கேக்கச் சொன்னாங்க; போன வாரம் திருப்பதி போறேன்னு போன மனுசன் ஒரு லட்டுகூட இல்லாம வந்தாராமுங்க!"